12 வயதுக்குட்பட்டோர் மேட்சுக்கு முதல்முறை விசில் ஊதப் போகிறவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: காலேஜில் ஃபுட்பால் ஆடியவர் நீங்கள், நடுவர் பயிற்சி எதுவும் கிடையாது. வரும் ஞாயிறு உங்கள் ஊரில் 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒருநாள் டோர்னமென்ட், ஒன்பது பேர் ஆட்டம். ரெஃப்ரி கிடைக்காமல் ஏற்பாட்டாளர்கள் உங்கள் கையில் விசிலைக் கொடுத்துவிட்டார்கள். ஆஃப்சைடைச் சரியாகப் பிடிப்பது எப்படி, பெற்றோர் கத்தினால் என்ன செய்வது, பயிற்சி இல்லாமல் நிற்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிறபோக்கில், உங்கள் மகனும் அதில் ஆடுகிறான் என்று சேர்த்திருக்கிறீர்கள். ஆஃப்சைடு என்று எழுதியிருந்தாலும் எனக்குப் புரிந்தது வேறு. கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றால் நான் சொல்வதை நாலு பேர் கேட்பார்களா என்பதுதான் உங்கள் கவலை. அதற்குத்தான் இந்தப் பதில். ஆஃப்சைடும் நடுவில் வரும்.

நான் மாவட்டச் சங்கத்தின் நடுவர் தேர்வு எழுதி, பல வருடமாகப் பள்ளி ஆட்டங்களுக்கும் மாவட்ட அளவிலான ஆட்டங்களுக்கும் விசில் ஊதுகிறவன். பெரிய லீக் அனுபவம் கிடையாது. கீழே எழுதுவதில் எது விதிப்புத்தகம், எது என் பழக்கம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன். மைதானத்தில் ஒரு கோச் வந்து "இது எந்த ரூல்ல இருக்கு?" என்று கேட்டால் உங்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மகன் விஷயம். அவன் டீம் ஆடும் எந்த மேட்சுக்கும் நீங்கள் நிற்காதீர்கள். முடிந்தால் அவன் குரூப்பில் இருக்கிற மற்ற மேட்சுகளும் வேண்டாம், ஏனென்றால் அந்த முடிவுகளும் அவன் டீமின் புள்ளிக் கணக்கில் சேரும். நீங்கள் நியாயமாகத்தான் ஊதுவீர்கள், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் நியாயத்தை நிரூபிக்கிற வேகத்தில் மகனுக்குக் கிடைக்க வேண்டிய ஃபவுலைக் கொடுக்காமல் விடுவீர்கள். நான் பார்த்த அப்பா ரெஃப்ரிகள் பெரும்பாலும் சொந்தப் பிள்ளைக்கு எதிராகத்தான் சாய்கிறார்கள். இதை ஏற்பாட்டாளர்களிடம் இன்றைக்கே சொல்லி, அட்டவணையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் சொன்னால் யாருக்கும் காதில் விழாது.

அடுத்தது, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை. சின்னப் பிள்ளைகள் டோர்னமென்ட்டில் பெரிய தகராறாக வெடிப்பதில் பெரும்பகுதி, நடுவர் தப்பாக ஊதியதால் வருவதில்லை. முன்கூட்டியே பேசி முடிக்காததால் வருகிறது. கால்பந்து விதிகளை வகுக்கிற ஐஎஃப்ஏபி அமைப்பு, இளையோர் ஆட்டங்களுக்கு சில விஷயங்களை மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது: மைதான அளவு, பந்தின் அளவும் எடையும், கோல் போஸ்ட்டின் அகல உயரம், ஆட்ட நேரம், வெளியே போனவர் திரும்பி உள்ளே வரும் மாற்று ஆட்டக்காரர் முறை, சிறிது நேரம் வெளியே உட்கார வைக்கும் தண்டனை. இது உறுதியான விஷயம். ஆனால் உங்கள் டோர்னமென்ட் எதை எப்படி மாற்றியிருக்கிறது என்பது அந்த ஏற்பாட்டாளர்களுக்கு மட்டும்தான் தெரியும். சில சமயம் அவர்களுக்கே தெரியாது. அதனால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய் கேளுங்கள். ஒரு பாதிக்கு எத்தனை நிமிடம்? ஆஃப்சைடு உண்டா, இல்லையா? பந்து நாலாம் நம்பரா, அஞ்சா? குரூப்பில் புள்ளி சமமானால் எதைப் பார்ப்பது? நாக் அவுட்டில் டிரா ஆனால் எக்ஸ்ட்ரா டைமா, நேரே டை-பிரேக்கரா (மாறி மாறி பெனால்டி அடிப்பதா)? பெனால்டி எத்தனை அடியிலிருந்து? குறைந்தபட்சம் எத்தனை பேர் இருந்தால் ஆட்டம் நடக்கும்? பதினொரு பேர் ஆட்டத்தில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடரக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. ஒன்பது பேர் ஆட்டத்துக்கு அந்த எண்ணை ஏற்பாட்டாளர்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் எழுதி வாங்கி, எல்லா கோச்சையும் ஒன்றாகக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்க வேண்டாம், ஏற்பாட்டாளர் வாசிக்கட்டும். பிற்பாடு பிரச்சினை வந்தால் அது "ரெஃப்ரி போட்ட ரூல்" ஆகிவிடக்கூடாது.

அப்புறம் கோல் போஸ்ட்டைப் போய் உலுக்கிப் பாருங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. நகர்த்தக்கூடிய இரும்பு போஸ்ட் என்றால் தரையோடு இறுகக் கட்டியிருக்க வேண்டும் என்பது முதல் விதியிலேயே இருக்கிறது. போஸ்ட் சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பிள்ளைகள் கிராஸ்பாரில் தொங்குவார்கள், விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பின்பக்கச் சட்டத்தின் மேல் இரண்டு மூன்று மணல் மூட்டையாவது போட்டால்தான் ஆட்டம் என்று சொல்லிவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கோடு கோணலாக இருந்தால்கூட ஆடிவிடலாம்.

ஆட்டக்காரர்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு பார்வை. ஷூ, சாக்ஸ், ஷின் பேட் கட்டாயம். ஷின் பேட் இல்லாமல் நாலு பையன்கள் வருவார்கள், அடுத்த மேட்ச் டீமிடம் கடன் வாங்கச் சொல்லுங்கள், கொடுப்பார்கள். செயின், தோடு, காப்பு எதுவும் கூடாது. மேலே டேப் ஒட்டி மறைப்பதையும் விதி ஏற்காது. நம் ஊரில் சிக்கல் வருவது சாமிக் கயிற்றில்தான். மணிக்கட்டில் கறுப்புக் கயிறோ சிவப்புக் கயிறோ கட்டியிருப்பான், கழற்றச் சொன்னால் அம்மா ஓடி வருவார். புத்தகத்தில் தோல் பட்டை, ரப்பர் பேண்ட் எல்லாம் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கின்றன. பருத்திக் கயிற்றைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லை. யாருக்காவது காயம் படுமா என்பதுதான் அங்கே அடிப்படை. மெல்லிய நூலாக இருந்தால், மேலே ஸ்வெட் பேண்ட் மாட்டிக்கொள்ளச் சொல்லி நான் விட்டுவிடுவேன். அதில் உலோகத் தாயத்து தொங்கினால் கழற்றியே ஆக வேண்டும். இது என் பழக்கம், இன்னொரு நடுவர் முழுவதும் கழற்றச் சொன்னால் அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். எப்படிச் செய்தாலும் இரண்டு டீமுக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

இனி ஆட்டம். உங்கள் பேச்சுக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பந்திலிருந்து நீங்கள் எத்தனை தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதிலிருந்துதான். பத்துப் பன்னிரண்டு மீட்டரில் நின்று தப்பாக ஊதினாலும் ஏற்றுக்கொள்வார்கள். நடு வட்டத்தில் நின்றுகொண்டு பெனால்டி ஏரியாவில் நடந்ததைச் சரியாகவே ஊதினாலும் ஏற்க மாட்டார்கள். அதனால் ஓட வேண்டும். ஒன்பது பேர் ஆட்டம் என்றால் மைதானம் சின்னது, ஆனால் பிள்ளைகள் கொத்தாகப் பந்தின் பின்னாலேயே ஓடுவார்கள். அந்தக் கொத்துக்குள் போகாமல், பக்கவாட்டில் கொஞ்சம் விலகி, இரண்டு பேருக்கு நடுவே இடைவெளி தெரிகிற கோணத்தில் நில்லுங்கள். சின்ன மைதானத்தில் பந்து உங்கள் மேலேயே படும். பட்டு கோலுக்குள் போனாலோ, எதிர் டீமுக்குக் கைமாறினாலோ, ஒரு டீமுக்கு நல்ல அட்டாக் தொடங்கினாலோ ஊதி நிறுத்தி டிராப் பால் (நடுவர் பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) கொடுக்க வேண்டும். 2019க்கு முன் நடுவர் மேல் பட்டால் ஆட்டம் தொடரும் என்று இருந்தது; உங்கள் காலேஜ் காலத்து நினைவு அதுவாகத்தான் இருக்கும். டிராப் பாலும் இப்போது இரண்டு பேர் முட்டிக்கொள்கிற விஷயம் இல்லை. ஒருவருக்கு மட்டும் போட வேண்டும், மற்ற எல்லாரும் 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

ஆஃப்சைடுக்கு வருவோம். விதி எளிது. நம் ஆள் பந்தைத் தொடுகிற கணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிரணி ஆளையும்விடக் கோல் கோட்டுக்கு அருகில் இன்னொரு அட்டாக்கரின் தலையோ உடம்போ காலோ இருந்தால் அது ஆஃப்சைடு நிலை. கை கணக்கில் இல்லை. அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றம் இல்லை, ஆட்டத்தில் தலையிட்டால்தான். கோல் கிக், த்ரோ, கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வருகிற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. த்ரோ விஷயத்தில் வெளியே இருந்து கட்டாயம் கத்துவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். கஷ்டம் விதியில் இல்லை, பார்ப்பதில்தான். லைன்ஸ்மேன் இல்லாத தனி ரெஃப்ரி, உதைக்கிற காலையும் முன்னால் நிற்கிற ஆளையும் ஒரே கணத்தில் பார்க்க முடியாது. பந்தோடு வருகிறவன் தலையைத் தூக்கிப் பார்க்கிறானா, பாஸ் வரப் போகிறது. அப்போதே டிஃபென்ஸ் வரிசையில் ஒரு பார்வை போட்டுவிட்டுத் திரும்புங்கள். அப்படியும் சந்தேகமாக இருந்தால் ஊதாதீர்கள். சந்தேகத்தின் பலன் அட்டாக்கருக்கு என்று புத்தகத்தில் எழுதியில்லை. ஆனால் பார்க்காததை ஊத முடியாது, அவ்வளவுதான். இரண்டு டீமிலிருந்தும் ஒருவரை லைனுக்கு வாங்கிக்கொள்ளலாம். பந்து வெளியே போனதை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஆஃப்சைடுக்கு ஒரு கோச்சின் கொடியை நம்பி ஊதுவது வினையை விலைக்கு வாங்குவது. ஏற்பாட்டாளர்கள் உங்களிடம் யோசனை கேட்டால், லைன்ஸ்மேன் இல்லாத இந்த வயது ஆட்டத்துக்கு ஆஃப்சைடே வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல வேண்டியது முதல் மேட்சுக்கு முன்னால், செமி ஃபைனலுக்கு முன்னால் அல்ல.

ஆஃப்சைடை நீங்கள் கேட்டீர்கள், ஆனால் ஞாயிறன்று உங்கள் தலையைத் தின்னப் போவது ஹேண்ட் பால்தான். பந்து கையில் பட்டதும் மைதானமே "ஹேண்ட்" என்று கத்தும். பட்டதெல்லாம் குற்றம் இல்லை. வேண்டுமென்றே பந்தைக் கையால் தொட்டால் குற்றம். அந்த நேரத்து உடம்பு அசைவுக்குச் சம்பந்தமில்லாமல் கையை விரித்து உடம்பைப் பெரிதாக்கியிருந்து அதில் பட்டால் குற்றம். அட்டாக்கர் கையில் தெரியாமலே பட்டு நேராகக் கோலுக்குள் போனாலும், பட்டவுடனே அவரே கோல் அடித்தாலும் கோல் கிடையாது. தெரியாமல் பட்ட பந்து அதே டீமின் இன்னொருவனுக்குப் போய் அவன் அடித்தால் கோல் உண்டு. தோள் கை இல்லை, அக்குளின் அடிமட்டத்திலிருந்து கீழேதான் கை. இதுவரைக்கும் உறுதி. இனி சந்தேகமான இடம். மூன்று மீட்டரிலிருந்து ஒருவன் ஓங்கி அடிக்கிறான், எதிரே நிற்கிற பதினொரு வயதுப் பையன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தை மறைக்கிறான், பந்து முழங்கையில் பட்டுத் தெறிக்கிறது. கை முகத்துக்கு முன்னால் உயரத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பயத்தில் தானாக எழுந்த கை. அந்த நேரத்து உடம்பு அசைவுக்கு அது பொருந்துகிறது என்றே நான் எடுத்துக்கொண்டு, ஆட்டத்தைத் தொடரச் சொல்வேன். "இல்ல, பயம், ஆடுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டால் பாதிக் கூச்சல் அடங்கும். அதே பையன் கையைப் பந்தை நோக்கிக் கொண்டு போய்த் தட்டினால் ஊத வேண்டியதுதான். இந்தக் கோட்டை எங்கே போட்டாலும் சரி, முதல் மேட்சில் போட்ட இடத்திலேயே கடைசி மேட்ச் வரை வைத்திருங்கள். கோச்சுகள் காலையிலிருந்து எல்லா மேட்சையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கோல் கீப்பர் பிள்ளையைக் காப்பாற்றுவது உங்கள் வேலையிலேயே அவசரமான வேலை. பந்து தரையில் கிடக்கிறது, கீப்பர் பாய்ந்து ஒரு உள்ளங்கையை மேலே வைத்துவிட்டான், இன்னொருவன் உதைக்கக் காலைத் தூக்கியாயிற்று. கைக்கும் தரைக்கும் நடுவே பந்து இருந்தாலே அது கீப்பரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதற்குமேல் யாரும் மோதக்கூடாது என்பது விதி. இரண்டு கையாலும் அணைத்தால்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணத்தில் யோசிக்காமல் உடனே, உரக்க ஊதுங்கள். அரை வினாடி தாமதித்தால் விரல் போய்விடும். இதற்காகவே விசிலை எப்போதும் கையில், வாய்க்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். இதோடு ஒரு புது விதியும் தெரிந்துகொள்ளுங்கள்: கீப்பர் பந்தைக் கையில் 8 வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிர் டீமுக்குக் கார்னர். 2025 ஜூலையிலிருந்து நடைமுறை. முன்பு 6 வினாடி, இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராகக் கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக்). கடைசி 5 வினாடியை நடுவர் கையைத் தூக்கி விரல் மடக்கிக் காட்ட வேண்டும். கீப்பர் தெரியாமல் நிற்கிறான் என்றால் முதல் தடவை "விடு தம்பி, விடு" என்று குரல் கொடுப்பேன். பேக் பாஸும் அப்படித்தான்: டீம் மேட் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தைக் கீப்பர் கையால் தொட்டால்தான் குற்றம். இந்த வயதில் பாதிக்குப் பாதி தப்பாகப் பட்டுப் பின்னால் போன பந்துகள்.

த்ரோ எறியும்போது பின்கால் தூக்கிவிடுவார்கள். விதிப்படி எதிர் டீமுக்குத்தான் த்ரோ போக வேண்டும். பத்து வயதுக்குக் கீழே என்றால் ஒருமுறை திரும்ப எறிய விடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அது விதியில் இல்லை. கோச்சுகள் கூட்டத்திலேயே சொல்லி ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் செய்யுங்கள். மாற்று ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: ஒருவன் முழுசாக வெளியே வந்த பிறகு, நீங்கள் சைகை காட்டியபின்தான் இன்னொருவன் உள்ளே வர வேண்டும். பிள்ளைகள் குஷியில் ஓடி வந்துவிடுவார்கள். கோல் விழுந்ததும், மறுபடி கிக் ஆஃப் கொடுப்பதற்கு முன்னால் தலையை எண்ணுங்கள். கோல் அடித்த டீமில் ஒரு ஆள் அதிகம் என்று அப்போது தெரிந்தால் கோலை ரத்து செய்யலாம். கிக் ஆஃப் ஆகிவிட்டால் கோல் கோல்தான்.

ஃபவுலில் கவனக்குறைவு, முரட்டுத்தனம், அளவுமீறிய பலம் என்று மூன்று படி இருக்கிறது. முதலாவதற்கு ஃப்ரீ கிக் மட்டும், இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்குச் சிவப்பு. இந்த வயதில் தொண்ணூறு சதவீதம் கவனக்குறைவுதான், கால் சொன்னபடி கேட்காத வயது. அதனால் கார்டை ஜேபியிலேயே வைத்துக்கொண்டு நாளை ஓட்டிவிடலாம் என்று தோன்றும். பெரும்பாலும் ஓட்டிவிடலாம்தான். ஆனால் வேண்டுமென்றே குத்தினான், காலை ஓங்கி முட்டியில் வைத்தான் என்றால் வயதைப் பார்க்காமல் சிவப்பு. கெட்ட வார்த்தை வேறு மாதிரி. விதிப்படி அதுவும் சிவப்புதான். வீட்டிலும் தெருவிலும் கேட்டதை அர்த்தம் தெரியாமல் எடுத்துவிடுகிற பையனை, கோச்சைக் கூப்பிட்டு "கொஞ்ச நேரம் உட்கார வைங்க சார்" என்று சொல்லி மாற்றச் சொல்வேன். இது என் சலுகை, விதியின் சலுகை இல்லை. யாரையாவது குறிவைத்து, சாதியையோ நிறத்தையோ சொல்லித் திட்டினால் அந்தச் சலுகை கிடையாது, அறிக்கையிலும் எழுதுவேன்.

அடிபட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். சின்ன அடி என்றால் பந்து வெளியே போகும்வரை ஆட்டத்தைத் தொடரலாம், பெரிய அடி என்றால் நிறுத்த வேண்டும் என்பது விதி. குழந்தைகள் ஆட்டத்தில் எது சின்னது என்று தூரத்திலிருந்து தெரியாது, நான் ஊதிவிடுவேன். இரத்தம் வந்தால் வெளியே போய்க் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். தலையோடு தலை மோதி ஒரு பிள்ளை தடுமாறினாலோ, பேந்தப் பேந்த விழித்தாலோ, வாந்தி எடுத்தாலோ அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. நான் டாக்டர் இல்லை, நீங்களும் இல்லை. தலையில் அதிர்ச்சி என்று சந்தேகம் இருந்தாலே அதே நாளில் திரும்ப இறக்கக்கூடாது என்பதில் மருத்துவ வழிகாட்டிகள் எல்லாமே ஒத்துப்போகின்றன. கோச், "அவன் நல்லாத்தான் இருக்கான் சார்" என்பார், பையனும் தலையாட்டுவான். கேட்காதீர்கள். ஹெடிங் பற்றியும் யாராவது கேட்கலாம். அமெரிக்காவில் 2015இலேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெடிங்கைத் தடை செய்தார்கள், இங்கிலாந்திலும் 11 வயதுக்குட்பட்டோர் வரை படிப்படியாக நிறுத்தி வருகிறார்கள். உங்கள் டோர்னமென்ட் அப்படி ஒரு விதி வைக்கவில்லை என்றால் நீங்களாக ஊத முடியாது.

வெயில் நம் ஊர்ப் பிரச்சினை. தண்ணீர் இடைவேளைக்கு 1 நிமிடம், உடம்பு குளிர்விக்கும் இடைவேளைக்கு ஒன்றரை முதல் 3 நிமிடம் வரை என்று விதியில் இடம் இருக்கிறது, டோர்னமென்ட் விதி அனுமதித்தால் போதும். பதினொரு மணிக்கு மேல் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் தண்ணீர் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வையுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான். மழைக்காலம் என்றால், இடி கேட்டால் எல்லாரையும் கட்டடத்துக்குள் அனுப்பிவிடுங்கள், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடியிலிருந்து அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்ப ஆட்டம்.

இனி, கத்துகிற பெற்றோர். பார்வையாளருக்குக் கார்டு காட்ட உங்களுக்கு அதிகாரம் இல்லை. கோச்சுக்கு உண்டு, 2019 முதல் மஞ்சளும் சிவப்பும் அவர்களுக்கும் காட்டலாம். பெஞ்சிலிருந்து யார் திட்டினார் என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கிற மூத்த கோச்சின் பெயரில் கார்டு போகும். பெற்றோர் விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடியது, ஆட்டத்தை நிறுத்துவது, தள்ளிவைப்பது, தேவைப்பட்டால் கைவிடுவது. அதுவே பெரிய அதிகாரம், அதனால் படிப்படியாகப் போங்கள். முதலில் ஒன்றும் செய்யாதீர்கள், திரும்பிப் பார்க்கக்கூடச் செய்யாதீர்கள். "ரெஃப்ரி, கண்ணு தெரியலையா" என்பது நம் மைதானத்துக் காற்றோடு கலந்த சத்தம். அவர் குரல் பிள்ளைகள் பக்கம் திரும்பினால், யாரையாவது பெயர் சொல்லித் திட்ட ஆரம்பித்தால், அடுத்த த்ரோவில் நிறுத்தி அந்தப் பக்கத்துக் கோச்சைக் கூப்பிடுங்கள். "அந்த நீலச் சட்டைக்காரரை நீங்க பேசி நிறுத்துங்க, நான் பேச மாட்டேன்" என்று சொல்லுங்கள். அடுத்த முறை ஏற்பாட்டாளர். அதற்கும் அடுத்த முறை, அவர் மைதானத்தை விட்டு வெளியே போகும்வரை பந்து உங்கள் கக்கத்தில். அந்த அளவுக்குப் போவது அபூர்வம். டச் லைனிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, பெற்றோர் எல்லாரும் ஒரே பக்கம், கோச்சுகள் எதிர்ப்பக்கம் என்று பிரித்துவிட்டாலே பாதி சத்தம் குறையும். ஜெர்மனியில் மிகச் சின்ன வயதுப் பிரிவுகளில் நடுவரே இல்லாமல் ஆட வைக்கிற ஒரு முறை உண்டு: பெற்றோரைத் தூரத்தில் நிறுத்திவிடுவார்கள், ஃபவுலா இல்லையா என்று பிள்ளைகளே பேசி முடிவுசெய்வார்கள். நம் பெற்றோரை அத்தனை தூரம் நகர்த்த முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது புதிதாக ஒன்று: மொபைல் வீடியோ. இடைவேளையில் ஒருவர் வந்து, "பாருங்க சார், கோடு தாண்டிருக்கு" என்று போனை நீட்டுவார். பார்க்காதீர்கள், ஆர்வமாக இருந்தாலும். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு முடிவை மாற்ற விதியில் இடமில்லை, இந்த மாதிரி ஆட்டத்தில் வீடியோவுக்கும் இடமில்லை. ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த கோலுக்கு நாலு போன் வரும்.

வயது மோசடிப் புகாரும் வரும், நிச்சயம். மீசை அரும்பிய ஒருவனைக் காட்டி "இவனா பன்னெண்டு?" என்பார்கள். அது உங்கள் வேலையே இல்லை. வளர்ச்சி இந்த வயதில் ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் அத்தனை வித்தியாசப்படும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஃபிஃபாவே 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். புகாரை ஏற்பாட்டாளரிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தை நடத்துங்கள்.

நேரக் கணக்கு. பக்கத்துப் பக்கத்து மைதானங்களில் ஒரே நேரத்தில் ஆடினால் மேஜையிலிருந்து ஒரு ஹாரன் அடிப்பார்கள். ஹாரனில் ஆட்டம் முடியுமா, உங்கள் விசிலிலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விசில் என்று வைப்பதுதான் நல்லது. பெனால்டி கொடுத்த பிறகு நேரம் முடிந்தால், அந்த பெனால்டி அடித்து முடியும்வரை ஆட்டம் நீள வேண்டும். ஹாரன் அதைக் கெடுத்துவிடும். டை-பிரேக்கருக்கு இரண்டு டாஸ், ஒன்று எந்தக் கோல் என்பதற்கு, இன்னொன்று யார் முதலில் என்பதற்கு. ஆட்டம் முடியும்போது உள்ளே இருந்தவர்கள்தான் அடிக்கலாம். ஒரு டீமில் ஆள் குறைந்திருந்தால் மற்ற டீமும் அதே அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும், இதை மறந்து பெரிய சண்டை வரும். கீப்பரின் ஒரு காலாவது உதைக்கிற கணத்தில் கோட்டில் அல்லது கோட்டுக்கு நேராக அல்லது பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வந்து தடுத்துவிட்டால் முதல் தடவை எச்சரித்துத் திரும்ப அடிக்க வையுங்கள். யார் எத்தனையாவது அடித்தார் என்பதைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள், பேனா வியர்வையில் கலங்கும். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் ஸ்கோர், கார்டு, அடிபட்டவர் பெயர் மூன்றையும் தாளில் எழுதி, இரண்டு கோச்சும் கையெழுத்துப் போட்ட பிறகு மேஜையில் கொடுங்கள்.

பயிற்சி இல்லாமல் நிற்பது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த வட்டார டோர்னமென்ட்டுக்குச் சரிதான், யாரும் நிற்காமல் போவதைவிட. பிடித்துப்போனால் உங்கள் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் அடுத்த நடுவர் வகுப்பு எப்போது என்று விசாரியுங்கள். எழுத்துத் தேர்வும் ஓட்டத் தேர்வும் இருக்கும். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி இப்படி மாவட்ட ஆட்டங்களில் தொடங்கி 2016இல் ஃபிஃபா நடுவர் பட்டியல் வரை போனார். விதிப்புத்தகம் ஐஎஃப்ஏபியின் இணையதளத்திலும் ஆப்பிலும் இலவசமாகக் கிடைக்கிறது. மொத்தம் 17 விதிகள். ஞாயிறுக்குள் முழுசாகப் படிக்க நேரம் இருக்காது. 5, 11, 12 மூன்றை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். டை-பிரேக்கர் வந்தால் பத்தாவது விதி, அதைப் போனில் திறந்து வைத்துக்கொள்ளலாம்.